நடுவழியில் நின்ற டீசல் கார்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைத் தேடும் வழிமுறை

என்னிடம் இருக்கும் டீசல் கார் இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை நெடுஞ்சாலையில் நின்றது. ஒவ்வொரு முறையும் வீடு பல மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இரண்டு மூன்று முறை திணறிவிட்டு அணைந்துபோகும். பிறகு செல்ஃப் எவ்வளவு சுழன்றாலும் பற்றாது. முதல் முறை இழுத்துச் சென்ற பணிமனை, டீசலை எஞ்சினுக்குள் தள்ளும் உயர் அழுத்தப் பம்பையே மாற்ற வேண்டும் என்று சொன்னது. கடைசியில் காரணமாக அகப்பட்டது, டீசல் ஃபில்டரை மாற்றியபோது மாற்றாமல் விடப்பட்ட ஒரு ரப்பர் வளையம். அந்த அலைச்சலின்போது எழுதி வைத்த குறிப்புகளும், பிறகு நண்பர்களின் வண்டிகள் நின்றபோது சேர்ந்த குறிப்புகளுமே இங்கே அறிகுறி வாரியாகத் தரப்பட்டுள்ளன. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், பணத்தை விழுங்கும் காரணம் கடைசியிலும் வரும்.

## எதையும் தொடுவதற்கு முன்

எஞ்சின் அணைந்ததும் ஸ்டீயரிங் கனத்துப்போகும். பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடமோ இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான் வரும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், வண்டி உருளும் வேகத்தைக் கொண்டே ஓரத்துக்கு ஒதுங்கி, ஒரே சீரான அழுத்தத்தில் நிறுத்த வேண்டும். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது சாவியை வெளியே எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. நின்ற பின் எச்சரிக்கை விளக்குகளை இயக்கி, முக்கோணப் பலகையைப் போதுமான தொலைவு பின்னால் வைத்து, உள்ளே இருப்பவர்களைப் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். வளைவிலோ மேட்டின் மறுபுறத்திலோ வண்டி நின்றிருந்தால் அங்கே பழுது பார்க்க வேண்டாம். வண்டியை அப்புறப்படுத்துவதுதான் முதல் வேலை.

பானட்டைத் திறப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். முதலாவது, எஞ்சின் திணறி அணைந்ததா, சுவிட்சைத் தட்டியதுபோல் ஒரே நொடியில் அணைந்ததா என்பது. திணறல் பெரும்பாலும் டீசல் வரத்துக் குறைவைக் காட்டும். சட்டென்ற அணைவு பெரும்பாலும் மின்சாரத்தையோ சென்சாரையோ காட்டும். இரண்டாவது, இந்த எஞ்சினைக் கடைசியாக யார், எங்கே தொட்டார்கள் என்பது. கடந்த சில வாரங்களில் ஃபில்டர், பேட்டரி, ஹோஸ் என ஏதேனும் மாற்றப்பட்டிருந்தால், வேறெங்கும் போகாமல் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். என் நான்கு நிறுத்தங்களில் இரண்டு, சர்வீஸ் முடிந்த மாதத்திலேயே நிகழ்ந்தவை.

## சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுழலவில்லை

### விளக்குகள் மங்குகின்றன, டக் டக் என்று ஓசை வருகிறது

பேட்டரியில் வலு இல்லை, அல்லது இருக்கும் வலு செல்ஃப் மோட்டாரைச் சென்றடையவில்லை. டெர்மினல்களைக் கையால் திருகிப் பாருங்கள். கையில் அசைந்தாலே அது தளர்ந்த இணைப்புதான். வெண்பச்சை நிறத்தில் உப்புப் படிந்திருந்தால் கழற்றித் தேய்த்து மீண்டும் இறுக்குங்கள். கழற்றும்போது கறுப்பு முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். மல்டிமீட்டர் இருந்தால், ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே என்றால் டீசல் எஞ்சினைச் சுழற்றும் என்று நம்ப வேண்டாம். செல்ஃப் இழுக்கும்போது அது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது.

வேறொரு வண்டியிலிருந்து கேபிள் போடும்போது வரிசை முக்கியம். சிவப்பின் ஒரு முனை ஓய்ந்த பேட்டரியின் நேர்முனையிலும், மறுமுனை நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டப்பட வேண்டும். பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையைப் பேட்டரிக்கு எட்டத்தில், உங்கள் எஞ்சினின் பூச்சில்லாத இரும்பில் கடிக்க விடுங்கள். டீசல் எஞ்சின் அதிக மின்னோட்டம் கேட்பதால், மெல்லிய கேபிளை மாட்டிய உடனே முயலாமல் ஐந்து பத்து நிமிடங்கள் மற்ற வண்டியை ஓடவிட்ட பின் முயல்வது பலன் தரும்.

### விளக்குகள் பிரகாசமாக இருக்கின்றன, ஒரே ஒரு டக் மட்டும் கேட்கிறது

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்தோ துருப்பிடித்தோ இருக்கலாம். ஜம்பர் கேபிளின் கறுப்புக் கம்பி ஒன்றை பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில் போட்டுப் பார்த்தால் ஒரே நொடியில் விடை கிடைக்கும். அதிலும் மாற்றம் இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். மோட்டாரின் உடலை ஒருவர் மெல்லத் தட்ட, மற்றொருவர் சாவியைத் திருப்பினால் சில சமயம் ஒரு முறை உயிர்பெறும். அந்த ஒரு முறையை நேரே பணிமனைக்குப் போவதற்கே பயன்படுத்துங்கள். வழியில் தேநீருக்காக எஞ்சினை அணைத்து ஏமாந்தவன் நான்.

### எந்த ஓசையும் இல்லை

ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவரை பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி முயலுங்கள். கிளட்ச் சுவிட்சு உள்ள வண்டியில் பெடலை அடிவரை மிதியுங்கள். சில சமயம் தரைவிரிப்பு மடங்கித் தடுத்துக்கொண்டிருக்கும். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள்: ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். அதன் பின் ஃபியூஸ், ரிலே. அதற்கும் பின் எலக்ட்ரீஷியன்.

தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய உத்தி மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும் உரியது. அதுவும் காரணம் பேட்டரி அல்லது செல்ஃப் மோட்டார் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே, இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் செய்யத் தக்கது.

## செல்ஃப் நன்றாகச் சுழல்கிறது, எஞ்சின் பற்றவில்லை

நடுவழியில் மக்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. பற்றவில்லையே என்ற பதற்றத்தில் முப்பது முறை செல்ஃப் அடித்து, டீசல் பழுதோடு ஓய்ந்த பேட்டரியையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். இரண்டு முயற்சிகளுக்கு இடையே ஒரு நிமிடமாவது மோட்டார் ஆறட்டும்.

### முதலில் ஓசையைக் கேளுங்கள்

வழக்கமான ஏற்ற இறக்க ஓசை இல்லாமல், எடையற்ற மின்விசிறிபோல் எஞ்சின் ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்புண்டு. அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். மேலும் சுழற்றச் சுழற்ற பிஸ்டன்கள் வால்வுகளை இடித்து, இழப்பு பெருகிக்கொண்டே போகும். இதற்குச் சாலையோரத்தில் மருந்து கிடையாது. மாறாக, எஞ்சின் சோம்பலாகச் சுழன்றால் முந்தைய பகுதிக்குத் திரும்பி பேட்டரியைப் பாருங்கள். டீசலுக்குத் தீப்பொறி இல்லை, அமுக்கத்தின் வெப்பத்தில்தான் அது எரிய வேண்டும், மெதுவாகச் சுழன்றால் அந்த வெப்பம் பிறக்காது.

### அடுத்து சைலன்சரைப் பாருங்கள்

ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் பின்னால் நின்று புகைக்குழாயைக் கவனிக்கட்டும். வெண்சாம்பல் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. இந்த ஒரே சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும், செலவும் இல்லை.

### புகை இல்லை: டீசல் வரவில்லை

டேங்கில் டீசல் இருக்கிறதா என்பதை முள்ளை நம்பாமல் தீர்மானியுங்கள். முள் பொய் சொல்லும்; குறிப்பாக வண்டி சரிவில் நிற்கும்போது. கடைசியாக எப்போது நிரப்பினோம், அதன் பின் எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று கணக்கிடுங்கள். தீர்ந்துவிட்டது என்றால் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிப் பயனில்லை; குறைந்தது ஐந்து லிட்டராவது ஊற்றி, கீழே சொல்லும் முறையில் காற்றை வெளியேற்ற வேண்டும்.

டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே உறிஞ்சப்படும் ஓசை பலமாகக் கேட்டு, அதன் பின் வண்டி கிளம்பினால் டேங்கின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு அருகிலுள்ள பணிமனை வரை போகலாம்.

சில கார்களில் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் டீசல் பம்பை நிறுத்திவிடும் பாதுகாப்பு சுவிட்சு ஒன்று உண்டு. குழியில் பலமாக விழுந்த உடனே வண்டி நின்றிருந்தால் அதன் பொத்தான் மேலெழும்பி இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்துவதற்கு முன் வண்டிக்கு அடியில் டீசல் ஒழுகவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

டேங்குக்குள் மின்பம்பு உள்ள வண்டிகளில், சாவியை ஸ்டார்ட் வரை போகாமல் ஆன் நிலையில் வைத்தால் பின்னிருக்கைப் பக்கம் சில வினாடிகள் முனகல் கேட்கும். அது கேட்கவில்லையென்றால் அதன் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயைத் தற்காலிகமாக இடம் மாற்றிப் போட்டுச் சோதிப்பது கைகண்ட உத்தி.

பம்பு ஓடுகிறது, டீசலும் இருக்கிறது என்றால் ஃபில்டருக்கு வாருங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் ஃபில்டரின் அடியில் தங்கும். அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, ஒளிபுகும் பாட்டில் ஒன்றில் சிறிது பிடித்து ஒரு நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அது தண்ணீர். சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். கறுப்புக் கசடோ கூழ் போன்ற பொருளோ வந்தால் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும். நீண்ட பயணத்தில் புதிய ஃபில்டர் ஒன்றையும் அதற்கான வளையங்களையும் பின்பெட்டியில் வைத்திருப்பதை நான் ஆடம்பரமாகக் கருதுவதில்லை.

### காற்று புகுந்திருக்கிறதா

என் வண்டியின் நோய் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டேங்குக்குள் மின்பம்பு இல்லாத வண்டிகளில், எஞ்சினிலுள்ள பம்பு டீசலைத் தன்பக்கம் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வழியில் மயிரிழை விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே எங்கும் ஈரம் இல்லை, ஒழுகல் இல்லை என்பதை வைத்து வழி சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. மின்பம்பு உள்ள வண்டிகளில் நிலைமை நேர்மாறானது: அங்கே டீசல் அழுத்தத்தில் வருவதால் விரிசல் இருந்தால் வெளியே ஈரம் தெரியும், வாடையும் அடிக்கும்.

காற்றுக் கசிவுக்கு முன்னறிவிப்பு உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் கிளம்ப வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். முகப்பு மேட்டை நோக்கி நிறுத்தினால் ஒரு விதமாகவும், பள்ளத்தை நோக்கி நிறுத்தினால் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். டேங்கில் டீசல் குறையக் குறையத் தொல்லை கூடும். இந்த மூன்றும் என் வண்டியில் மாதக்கணக்கில் இருந்தன. நான்தான் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோதிப்பதற்கு, ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குறைந்த அழுத்தக் குழாயைப் பாருங்கள். பல வண்டிகளில் அது ஒளிபுகும் பிளாஸ்டிக்காகவே இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது அதில் குமிழிகள் ஓடினால் காற்று புகுகிறது. ஃபில்டர் வளையம், வடிகால் திருகு, தண்ணீர் சென்சாரின் இருக்கை, கைப்பம்பின் ரப்பர், ஹோஸ் கிளிப் ஆகியவற்றை இந்த வரிசையில் இறுக்கிப் பாருங்கள். பிறகு, டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் கைப்பம்பு இருந்தால் அது கல்போல் இறுகும்வரை அழுத்துங்கள். கைப்பம்பு இல்லாத, மின்பம்பு உள்ள வண்டியில் சாவியைப் பத்து வினாடி ஆன் நிலையில் வைத்து அணைப்பதை ஐந்தாறு முறை செய்யுங்கள். அதன் பின் செல்ஃப் அடித்தால் முதலில் தடுமாறி, பின் சீராகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடித்து, 'ஏர் எடுக்கும்' பழக்கம் இருந்தது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ரெயில் எனப்படும் ஒரே பொதுக்குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் தரும் காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் பயணிகள் கார்களுக்கு வந்து, பின்னர் எங்கும் பரவிய இந்த அமைப்பில், ஓடும்போது ரெயிலின் அழுத்தம் 1,600 பார் அளவையும் தாண்டக்கூடும். அந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துளை வழியே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே கையையே இழக்கும் நிலை வரலாம். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

### புகை வருகிறது, பற்றவில்லை

கடுங்குளிரில், சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைச் சந்தேகியுங்கள். டேஷ்போர்டின் சுருள் வடிவ விளக்கு அணைந்த பின், மீண்டும் ஒருமுறை சாவியை ஆன் செய்து காத்திருந்து, இரண்டு சுற்றுச் சூட்டுக்குப் பின் முயலுங்கள். வெதுவெதுப்பான பருவத்தில் பற்றாமைக்கு ஹீட்டர் பிளக் காரணமாக இருப்பது அரிது. பலர் வீணாக அதை மாற்றுகிறார்கள். ஈதர் ஸ்பிரேயைக் காற்றுவழியில் அடிக்கச் சொல்லி யாராவது யோசனை கூறினால் மறுத்துவிடுங்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் எஞ்சின் உடையும் அளவுக்கு வெடிக்கும். உறைபனியில், குளிர்காலத்துக்கு ஏற்ற டீசல் இல்லாமல் வந்திருந்தால், டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கும். ஃபில்டரை வெந்நீர் நனைத்த துணியால் சூடாக்கலாம். திறந்த நெருப்பைக் காட்டக் கூடாது.

### இன்னும் பற்றவில்லையென்றால்

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் சற்றும் அசையவில்லையா என்று கவனியுங்கள். அசையாவிட்டால் பெரும்பாலும், எஞ்சின் சுழல்வதை வண்டியின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரோ அதன் இணைப்போ பழுது. இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். அந்தக் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியும் கைப்பேசியும் இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தத்தைப் படியுங்கள். பொதுவாக 200 முதல் 300 பார் வரை ஏறாவிட்டால் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்காது. குறைந்த அழுத்த வழி முழுவதும் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறவில்லையென்றால், இன்ஜெக்டர் திரும்புவழியில் (மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் குழாயில்) அதிகம் கசிகிறது, அல்லது அழுத்த வால்வு கெட்டிருக்கிறது, அல்லது உயர் அழுத்தப் பம்பு தேய்ந்திருக்கிறது. இந்த மூன்றும் சாலையோர வேலைகள் அல்ல. டீசல் பம்பு வேலை தெரிந்த நிலையத்துக்கு வண்டியை இழுத்துச் செல்லும் இடம் இதுதான். பம்பை மாற்றச் சொல்வதற்கு முன் திரும்புவழிக் கசிவை அளந்து காட்டும்படி கேளுங்கள். அளக்காமல் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

## ஓடும்போது அணைகிறது, சற்று நேரம் கழித்து மீண்டும் கிளம்புகிறது

ஏற்றத்திலோ அதிவேகத்திலோ திணறி நின்று, ஐந்து நிமிடத்தில் கிளம்பி, அதே சுமையில் மீண்டும் நின்றால் டீசல் வழியில் அடைப்பு: ஃபில்டர், அல்லது டேங்குக்குள் இருக்கும் சல்லடை. புது ஃபில்டர் போட்ட பின்னும் சில நூறு கிலோமீட்டரில் திரும்ப வந்தால் டேங்கைக் கழுவாமல் தீராது. அதுவரை வேகத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஓட்டினால் ஊர் போய்ச் சேரலாம்.

முன்னறிவிப்பே இல்லாமல் சட்டென்று அணைந்து, எஞ்சின் ஆறிய பிறகு, அதாவது அரைமணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் கிளம்பினால் கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் பணிமனை சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். சென்சார் சிறிய பொருள்தான். ஆனால் முந்திச் செல்லும் நேரத்தில் எஞ்சின் அணைந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணி, இதோடு நெடுந்தொலைவு ஓட்டாதீர்கள்.

## எஞ்சின் ஓடுகிறது, இழுவை போய்விட்டது

எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்றுக்கு மேல் போக மறுத்து, மஞ்சள் விளக்கும் எரிந்தால் வண்டி தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது. ஓரமாக நிறுத்தி, அணைத்து, சில நிமிடம் கழித்து மீண்டும் கிளப்புங்கள். விளக்கு ஒரு முறை மறைந்து திரும்ப வராவிட்டால் பயணத்தைத் தொடரலாம்.

மிதிக்கும்போது உஸ்ஸென்ற சீறலும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்கு வரும் ஹோஸ் கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. இணைப்புகளின் அடியில் கைவிட்டுத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடம் அகப்படும். எஞ்சின் ஆறிய பிறகே தடவ வேண்டும். கழன்றிருந்தால் துடைத்து மாட்டிக் கிளிப்பை இறுக்குங்கள். கிழிந்திருந்தால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, கிழிசலின் மேல் தகரத் துண்டு ஒன்றை வளைத்து வைத்து இரண்டு கிளிப்புகளால் கட்டினால், மென்மையாக ஓட்டிப் போகுமளவுக்குத் தாங்கும். சாதாரண டேப் எண்ணெய்ப் பிசுக்கின்மேல் ஒட்டாது.

கரும்புகையின்றி இழுவை மட்டும் குறைந்திருந்தால், டர்போவைக் கட்டுப்படுத்தும் சிறிய வெற்றிடக் குழாய் உருவியிருக்கலாம். ஏர் ஃபில்டருக்குள் துணியோ இலையோ உறிஞ்சப்பட்டிருக்கலாம். புகையின் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி நிரம்பியதற்கான மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால், 2,000 முதல் 2,500 சுற்றில் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அப்போது உள்ளே சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும் என்பதால் காய்ந்த புல்லின்மேல் நிறுத்தக் கூடாது. விளக்கு சிவப்பாக மாறிவிட்டால் ஓட்டித் தீர்க்க முடியாது.

நீலப் புகை, டர்போவின் ஊளை, டிப்ஸ்டிக்கில் குறைந்த ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள். அடுத்து வருவதைப் படித்தால் ஏன் என்று புரியும்.

## எஞ்சின் தானாகவே வேகமெடுக்கிறது, சாவியை அணைத்தாலும் நிற்கவில்லை

டர்போவின் சீல் உடைந்து, எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டிருக்கிறது. மேனுவல் வண்டியில், நின்ற இடத்தில் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்து, மேல் கியரைப் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை மூச்சடைக்கச் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழி இல்லை. கார்பன் டைஆக்சைடு தீயணைப்பான் கையில் இருந்தால், பாதுகாப்பாக எட்ட முடியுமானால், காற்று உறிஞ்சும் வாயில் அடிக்கலாம். கையாலோ துணியாலோ அடைக்க முயல வேண்டாம். முடியாவிட்டால் எல்லோரும் விலகி நில்லுங்கள். எஞ்சின் உடைந்து சிதறக்கூடும்.

## வெப்பமுள் சிவப்பை நோக்கி ஏறுகிறது

ஏசியை அணைத்து, ஹீட்டரை உச்சத்தில் வைத்து, முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கிறது. அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் சுழற்றுவதாக இருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறட்டும். மேல் ஹோஸைத் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பின்பே கூலண்ட் மூடியைத் துணி சுற்றித் திறக்க வேண்டும்.

கூலண்ட் குறைந்திருந்தால் எங்கே போனது என்று பாருங்கள். ஹோஸின் முனையில் கசிவு என்றால், முனையைச் சற்று வெட்டி மீண்டும் மாட்டலாம். அவசரத்துக்கு வெறும் தண்ணீர் போதும். எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், சூட்டில் ஒரேயடியாகக் குளிர்நீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். கூலண்ட் நிறைந்தே இருந்தால், ஏசியைப் போட்டு ரேடியேட்டர் விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே. விசிறி மட்டும் பழுதென்றால், நெரிசலைத் தவிர்த்துத் திறந்த சாலையில் முள்ளைக் கவனித்தபடி போகலாம்.

எஞ்சின் ஆறிய நிலையில் கிளப்பியவுடனே கூலண்ட் டப்பாவில் குமிழிகள் எழுவதும், இனித்த வாடையுடன் வெள்ளைப் புகை தொடர்வதும், ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்ததுபோல் படிவதும் ஹெட் கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகள். இதற்கு மேல் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் பில்லில் ஏறும்.

## சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது

அடுத்த திருப்பம் வரை, அடுத்த பெட்ரோல் பங்க் வரை என்ற பேச்சே இல்லை, அணைக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி, கிளப்பி, விளக்கு சில வினாடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மீண்டும் கிளப்பக் கூடாது. சென்சார்தான் பொய் சொல்கிறது என்பது உண்மையாகவும் இருக்கலாம். அதை அழுத்தமானி வைத்திருக்கும் மெக்கானிக் சொல்லட்டும்.

## ஓடும்போது பேட்டரி விளக்கு எரிகிறது

பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பின் இணைப்பைப் பாருங்கள். ஓடும் எஞ்சினில் பேட்டரி முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.5-இலிருந்து இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. ஏசி, பாட்டு, கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்தால் நல்ல பேட்டரியில் பகலில் ஒரு மணி நேரம் போல் ஓடலாம். இடையில் எஞ்சினை அணைத்தால் மீண்டும் கிளம்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தை வண்டியின் கணினியையே எரித்துவிடும்.

## பங்க்கில் நிரப்பிய சில நிமிடங்களில் தொல்லை

பெட்ரோல் ஊற்றப்பட்டதென்று கிளப்புவதற்கு முன்பே தெரிந்தால், சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோகாமல், நியூட்ரலில் தள்ளி ஓரம் சேர்த்து, டேங்கை வடிக்க ஆள் அழையுங்கள். டீசலின் வழவழப்பை நம்பி ஓடும் உயர் அழுத்தப் பம்பை, பெட்ரோல் இரும்புத்தூளாக அரைத்துவிடும். அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போய்ச் சேரும். புகையைச் சுத்தம் செய்வதற்காக நீல மூடியில் ஊற்ற வேண்டிய யூரியா திரவத்தை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டாலும் இதே நடைமுறைதான்.

அந்தத் திரவம் தீர்ந்துபோவது வேறு கதை. பல நூறு கிலோமீட்டருக்கு முன்பே எச்சரித்துவிட்டு, முற்றும் தீர்ந்த பின் எஞ்சினை அணைத்தால் மீண்டும் கிளம்ப மறுக்கும் வண்டிகள் உண்டு. ஒன்றிரண்டு லிட்டரை அது கணக்கில் எடுக்காது. பத்து லிட்டர் கேனை முழுமையாக ஊற்றி, சாவியை ஆன் நிலையில் சற்று நேரம் வைத்த பின் கிளப்புங்கள்.

## இழுவை வண்டி வரும்வரை

ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்க வண்டிகளைக் கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காமல் தட்டையான மேடையுள்ள வண்டியைக் கேளுங்கள். காத்திருக்கும் நேரத்தில், பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள்: திணறியதா, சட்டென்று நின்றதா; எந்த விளக்கு முதலில் எரிந்தது; செல்ஃப் அடித்தபோது புகை வந்ததா, என்ன நிறம்; குழாயில் குமிழி இருந்ததா; பேட்டரி எத்தனை வோல்ட்; ஓபிடி கருவி காட்டிய பழுது எண்கள். அந்த எண்களை அழிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். வடித்த டீசலை பாட்டிலோடு எடுத்துப் போங்கள். நான்காவது முறை நான் கொடுத்த தாளில் 'குமிழி உண்டு, ஈரம் இல்லை' என்று இருந்ததைப் படித்த மெக்கானிக், ஸ்கேனரைத் தொடவே இல்லை. நேராக ஃபில்டர் மூடியைக் கழற்றினார்.